பதிவேட்டில் பெயர் யாருடையது? இணைய முகவரி வாங்கல் விற்றலில் சிறு வணிகர்களைச் சூழும் மோசடிகள்

மைசூரு: வங்கிகளின் பெயரைப் போலவே தோன்றும் போலி இணையதளங்களிலிருந்து வாடிக்கையாளர்களைக் காக்கும் நோக்கில், நாட்டிலுள்ள வங்கிகள் 'பேங்க் டாட் இன்' என முடியும் முகவரிக்கு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் மாற வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி கெடு விதித்தது. அந்த முகவரியை வழங்கும் பொறுப்பு ஐடிஆர்பிடி என்ற ஒரே அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. வங்கி அல்லாத எவரும் அதைப் பெற இயலாது.

வங்கிகளுக்கு இப்படி ஒரு வேலி அமைந்துவிட்டது. ஆனால், மைசூரு மண்டி மொஹல்லாவில் கடை வைத்திருக்கும் சிறு வணிகருக்கு அத்தகைய வேலி எதுவும் இல்லை. தமது கடைப்பெயரில் ஓர் இணைய முகவரி வேண்டுமெனில், நூற்றுக்கணக்கான பதிவு நிறுவனங்களில் ஒன்றை அவர் நாட வேண்டும். விரும்பிய பெயரை வேறொருவர் ஏற்கெனவே எடுத்திருந்தால், முகம் தெரியாத அந்த நபரிடமிருந்து விலைக்கு வாங்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் தொடங்குகிறது.

மண்டி என்ற சொல் தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. அரிசி மண்டி, வெங்காய மண்டி எனத் தமிழகத்திலும் புழங்கும் சொல்லே அது. மண்டியில் சரக்கைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, தரகரை முகம் பார்த்து விலை பேசுவர். ஏமாற்றியவர் மறுநாள் அதே தெருவில் நடமாட வேண்டும் என்பதே அங்கு ஒரு பாதுகாப்பு. இணைய முகவரிச் சந்தையில் சரக்கும் தெரியாது, தரகரும் தெரியாது, தெருவும் கிடையாது.

மைசூருக்கே உரிய மற்றொரு சூழலும் உண்டு. மைசூர் பட்டு, மைசூர் ஊதுபத்தி, மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை என ஊர்ப்பெயரோடு சேர்ந்து புவிசார் குறியீடு பெற்ற பொருட்கள் இந்நகரில் பல. 2014 நவம்பர் 1-ஆம் தேதி முதல் 'மைசூர்' என்ற பெயர் 'மைசூரு' என அதிகாரபூர்வமாக மாறியது. இதனால் ஊர்ப்பெயரைத் தாங்கிய ஒவ்வொரு வணிகப் பெயருக்கும் ஆங்கில எழுத்துகளில் இரண்டு வடிவங்கள் உருவாகிவிட்டன. ஒரு வடிவத்தை வைத்திருப்பவர், மற்றொன்றையும் பிறர் கைக்குப் போகாமல் எடுத்துவைக்க நினைப்பது இயல்பு. அந்த இயல்பான அச்சத்தைக் குறிவைத்தே மோசடியாளர்கள் மின்னஞ்சல் அனுப்புகின்றனர்.

விற்கப்படுவது எது?

டொமைன் எனப்படும் இணைய முகவரியை 'வாங்கினேன்' என்று சொல்வது வழக்கம். உண்மையில் எவரும் அதை நிலம் போல நிரந்தரமாக வாங்குவதில்லை. டாட் காம் முகவரி ஒன்றை ஒரே தவணையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு மட்டுமே பதிவு செய்ய முடியும். அதன் பின் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கத் தவறினால் உரிமை போய்விடும். ஆக, கைமாறுவது ஒரு பதிவேட்டில் உள்ள ஒரு வரியே. இன்ன முகவரி, இன்ன தேதி வரை, இன்னாருடைய பெயரில், இன்ன பதிவு நிறுவனத்தின் கணக்கில் உள்ளது என்பதே அந்த வரி.

உலகளவில் இந்த ஏற்பாட்டை 1998-இல் தொடங்கப்பட்ட ஐகேன் அமைப்பு ஒருங்கிணைக்கிறது. இந்தியாவின் 'டாட் இன்' முகவரிகளை நிக்ஸி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனம் நிர்வகிக்கிறது. 'டாட் இந்தியா' எனத் தமிழ் எழுத்துகளிலேயே முடியும் முகவரியும் அதன் பொறுப்பில்தான் உள்ளது.

இந்தச் சந்தையில் காணப்படும் மோசடிகள் பல வகைப்பட்டவை. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இடைவெளியில் பிறக்கின்றன. தம்மிடம் என்ன இருக்கிறது என்று வணிகர் நம்புகிறாரோ, அதற்கும் பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளதற்கும் இடையிலான இடைவெளி அது. விலைச்சீட்டு, மின்னஞ்சல் உறுதிமொழி, மதிப்பீட்டுச் சான்றிதழ், வாட்ஸ்அப்பில் வந்த திரைப்படம் ஆகிய எதுவும் பதிவேடு ஆகாது.

ஓர் எழுத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை

இந்தியாவில் இணைய முகவரி தொடர்பாக உச்ச நீதிமன்றம் வழங்கிய அடிப்படைத் தீர்ப்பு, கர்நாடகத்தில் தொடங்கிய வழக்கொன்றில் பிறந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம், தன் பெயரின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கிய 'சிஃபி' என்ற சொல்லைக் கொண்டு சிஃபிநெட் டாட் காம் உள்ளிட்ட முகவரிகளை 1999 ஜூன் மாதம் பதிவு செய்தது. பின்னர் 2001-இல் வேறொரு நிறுவனம், நடுவில் ஓர் 'எஃப்' எழுத்தை மட்டும் கூடுதலாகச் சேர்த்து அதே ஒலியுடைய முகவரியைப் பதிவு செய்து இணைய விற்பனைத் தொழிலில் இறங்கியது.

பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றம் இரண்டாவது நிறுவனத்துக்குத் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அந்நிறுவனம் பெரும் முதலீடு செய்துள்ளது, சுமார் 50,000 உறுப்பினர்களைச் சேர்த்துள்ளது, எனவே தடையால் அதற்கே மிகுந்த இடர் நேரும் என்பது அங்கு எடுபட்ட வாதம். 2004 மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் முடிவை மாற்றி, கீழமை நீதிமன்றத்தின் தடையை மீண்டும் நிலைநாட்டியது. இணைய முகவரி வெறும் இருப்பிடக் குறிப்பு மட்டுமன்று, அது வணிகச் சின்னத்தின் தன்மைகளையும் கொண்டது என்றும், பிறர் பெயரைத் தமது எனக் காட்டி வணிகம் செய்வதைத் தடுக்கும் சட்டம் அதற்கும் பொருந்தும் என்றும் நீதிமன்றம் கூறியது.

இத்தீர்ப்பை நிறுவனங்களுக்கு இடையிலான பழைய பிணக்கு என ஒதுக்கிவிட முடியாது. முகவரியை விலைக்கு வாங்குபவர் கவனிக்க வேண்டிய செய்தி அதில் உள்ளது. பதிவு நிறுவனம் 'கிடைக்கும்' என்று காட்டியது, உரிய கட்டணம் செலுத்தியது, தளம் அமைத்து வாடிக்கையாளர் சேர்த்தது ஆகிய மூன்றும் முறையாக நடந்திருந்தாலும், அந்தப் பெயர் பிறர் சின்னத்தைப் போலிருந்தால் அது நிலைக்காது. 2022 ஏப்ரலில் ஸ்னாப்டீல் நிறுவனம் தொடுத்த வழக்கில், பிறர் சின்னத்தை ஒத்த பெயர்களை விற்பனைக்கு முன்வைத்து இலாபம் ஈட்டும் பதிவு நிறுவனங்கள் தாங்கள் வெறும் இடையீட்டாளர்களே எனக் கூறி ஒதுங்கிவிட முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் தெரிவித்தது. ஆயினும் இன்றும் தேடுபொறியில் பெயரைத் தட்டச்சு செய்தால், பிரபலச் சின்னத்தை ஒத்த பெயர்கள் 'உடனே வாங்குக' என்ற பொத்தானோடு வந்து நிற்கவே செய்கின்றன.

இத்தகைய முகவரிகளை இடைத்தரகர் ஒருவர் 'அரிய வாய்ப்பு' என்று சொல்லி விற்கும்போது, சட்டச் சிக்கலும் அதோடு சேர்ந்து விலைக்கு வருகிறது. வணிகச் சின்னப் பதிவாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் பெயர் தேடிப் பார்க்கலாம். சில நிமிடங்கள் பிடிக்கும் அந்தத் தேடல், பின்னர் வரக்கூடிய வக்கீல் நோட்டீஸைத் தவிர்க்கும்.

விற்க நினைப்பவரே முதல் இலக்கு

மோசடி என்றதும் வாங்குபவர் ஏமாறுவதே நினைவுக்கு வரும். இச்சந்தையில் விற்பவர்களும் அதே அளவுக்கு இலக்காகின்றனர். அதற்கு ஒரு காரணம், திடீர்ப் பணம் பற்றிய கதைகள்.

2024 அக்டோபரில் ஜியோஹாட்ஸ்டார் டாட் காம் தொடர்பான செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. ரிலையன்ஸ், டிஸ்னி நிறுவனங்களின் ஊடகப் பிரிவுகள் இணையக்கூடும் எனக் கணித்து, டெல்லியைச் சேர்ந்த செயலி உருவாக்குநர் ஒருவர் முன்கூட்டியே அந்த முகவரியை எடுத்துவைத்தார். தமது கேம்பிரிட்ஜ் மேற்படிப்புச் செலவை ரிலையன்ஸ் ஏற்க வேண்டும் என அவர் அத்தளத்திலேயே வேண்டுகோள் வைத்தார். நிறுவனம் அதை ஏற்கவில்லை. பின்னர் முகவரி துபாயில் வசிக்கும் இரு சிறுவர்களின் கைக்கு மாறியது. அவர்கள் அதை ரிலையன்ஸுக்கு இலவசமாகவே தர முன்வந்தனர். இணைப்பு நிறைவடைந்து, 2025 பிப்ரவரி 14-ஆம் தேதி ஜியோஹாட்ஸ்டார் என்ற பெயரிலேயே செயலி அறிமுகமானது. பெருந்தொகை கைமாறிய கதையாக இது முடியவில்லை. ஆயினும், 'ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது கோடிக்குப் போகும்' என்ற ஆசையை இத்தகைய செய்திகள் பரப்பிவிடுகின்றன.

அந்த ஆசைக்குப் பொருத்தமாக வடிவமைக்கப்பட்டதே மதிப்பீட்டுச் சான்றிதழ் மோசடி. எடுத்துக்காட்டாக, மண்டி மொஹல்லாவில் ஊதுபத்தி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் முகவரி ஒன்றை விற்க விரும்புகிறார் எனக் கொள்ளலாம். வெளிநாட்டு முதலீட்டாளர் என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. பல ஆயிரம் டாலர் தர ஆயத்தம் என்கிறது. பேரம் ஏதும் இல்லை. பண்பான நடை. இரண்டு மூன்று மடல்களுக்குப் பிறகு ஒரு சிறு நிபந்தனை வருகிறது: பெயரின் மதிப்பைச் சுயேச்சையான நிறுவனம் ஒன்று உறுதிப்படுத்த வேண்டும், தானியங்கி மதிப்பீடு செல்லாது, குறிப்பிட்ட நிறுவனத்தின் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும். சான்றிதழுக்கான செலவைப் பின்னர் விலையோடு சேர்த்துத் தருவதாக உறுதியும் அளிக்கப்படுகிறது.

அந்த நிறுவனமும் வாங்க வந்தவரும் ஒருவரே. சான்றிதழுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டியவுடன் அழகான ஆவணம் ஒன்று வந்து சேரும். எதிர்பார்த்ததை விட அதிக மதிப்பும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அதன் பின் வாங்குபவர் மறைந்துவிடுவார்.

இந்த மோசடி இத்தனை ஆண்டுகளாக உயிரோடு இருப்பதற்குக் காரணம், அதில் முகவரி பறிபோவதில்லை என்பதே. விற்பவர் தமது சொத்தையே காத்துக்கொண்டிருப்பதால், சிறு கட்டணம் அவருக்கு அபாயமாகத் தெரிவதில்லை. இழந்த தொகையும் சிறியது என்பதால் காவல் நிலையம் செல்வோர் குறைவு. உண்மையில் வாங்க விரும்புபவர் விலையைக் குறைக்கவே பார்ப்பார். மதிப்பை உயர்த்திக் காட்டும் சான்றிதழால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. விற்பவரைப் பணம் கட்டச் சொல்லும் வாங்குபவர் என்ற ஒன்றே சந்தேகத்துக்குப் போதுமான காரணம்.

திருட்டுச் சரக்கும் விற்பனைக்கு வரும்

வாங்குபவர் பக்கம் உள்ள பெரும் அபாயம், விற்பவருக்கு அந்தப் பெயரில் உரிமையே இல்லாமலிருப்பது.

பேர்ல் என்ற கணினி மொழியின் பெயரில் நெடுங்காலமாக இயங்கிய பேர்ல் டாட் காம், 2021 ஜனவரி 27-ஆம் தேதி உரியவரின் கையைவிட்டுப் போனது. விசாரித்தபோது, களவு அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 2020 செப்டம்பரில் நடந்திருந்தது தெரியவந்தது. பதிவு நிறுவனத்தை ஏமாற்றிக் கணக்கைக் கைப்பற்றியவர்கள், உடனே எதையும் மாற்றவில்லை. டிசம்பரில் சீனாவிலுள்ள பதிவு நிறுவனத்துக்கும், ஜனவரியில் மற்றொரு நிறுவனத்துக்கும் முகவரியை நகர்த்தினர். பின்னர் அது 1,90,000 டாலர் விலையில் விற்பனைத் தளத்தில் வைக்கப்பட்டது. அதை யாராவது நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால் பணத்தையும் முகவரியையும் ஒருசேர இழந்திருப்பர். பதிவு நிறுவனங்கள் ஒத்துழைத்ததால் பிப்ரவரி தொடக்கத்திலேயே அது உரியவரிடம் திரும்பியது.

இன்னும் பழைய சான்று, 1995-இல் போலிக் கடிதம் ஒன்றின் மூலம் அபகரிக்கப்பட்ட செக்ஸ் டாட் காம். அசல் உரிமையாளருக்கு 6.5 கோடி டாலர் இழப்பீடு வழங்க அமெரிக்க நீதிமன்றம் 2001-இல் உத்தரவிட்டது. குற்றவாளி நாட்டை விட்டு வெளியேறியதால் தொகையை வசூலிப்பது பெரும்பாடானது. இணைய முகவரியும் ஒருவகைச் சொத்தே, அதைப் பறித்தவர் மீது வழக்குத் தொடுக்கலாம் என 2003-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியதும் இவ்விவகாரத்தில்தான்.

வாங்கும் முன் பதிவேட்டுத் தகவலைப் பார்க்கலாம். ஆனால் முன்பு போல் உரிமையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது முதல் பெரும்பாலான பதிவுகளில் அவை மறைக்கப்படுகின்றன. 'ஹூயிஸ்' எனப்பட்ட பழைய தேடல் முறையைக் கட்டாயமாக வழங்க வேண்டிய தேவையும் 2025 ஜனவரியோடு முடிவுக்கு வந்து, ஆர்டாப் என்ற புதிய முறை அதன் இடத்தைப் பிடித்துள்ளது. தனியுரிமைக்கு இது நன்மை. வாங்குபவரின் சரிபார்ப்புக்கு இடையூறு. இரண்டும் உண்மை.

ஆயினும் சில தடயங்கள் மறைவதில்லை. பதிவு நிறுவனத்தின் பெயர், முதலில் பதிவான தேதி, கடைசியாக மாற்றம் செய்யப்பட்ட தேதி, காலாவதி நாள் ஆகியவை தெரியும். இருபது ஆண்டு பழைய முகவரி, கடந்த மாதம்தான் நிறுவனம் மாறி, உடனே சந்தை விலையில் பாதிக்கு விற்பனைக்கு வருகிறது என்றால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்தத் தளம் முன்பு எப்படி இருந்தது என்பதைப் பார்க்கலாம். சென்ற ஆண்டு வரை ஒரு மருத்துவமனையின் தளமாகவோ சூதாட்டத் தளமாகவோ இருந்தது தெரியவந்தால், கேட்க வேண்டிய கேள்விகள் கூடும். விற்பவர் உண்மையிலேயே கட்டுப்பாடு உள்ளவர்தானா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு: தளத்தில் அல்லது அதன் தொழில்நுட்பப் பதிவில், வாங்குபவர் சொல்லும் ஒரு சொற்றொடரைச் சில மணி நேரம் சேர்த்துக் காட்டச் சொல்வது. கணக்கு கையில் உள்ளவருக்கு இது ஐந்து நிமிட வேலை. இருப்பினும் கணக்கு கையில் இருப்பதும் உரிமை இருப்பதும் ஒன்றல்ல என்பதைப் பேர்ல் விவகாரம் காட்டியது.

வேறொரு நுணுக்கமும் உண்டு. தமிழ் எழுத்துகளில் முகவரி வாங்குவோர் கவனிக்க வேண்டியது அது. 'எ' என்ற எழுத்தும் ஏழு என்ற தமிழ் எண்ணுருவும் பல எழுத்துருக்களில் ஒன்று போலவே தோன்றும். கால் எனப்படும் துணையெழுத்தும் 'ர' எழுத்தும் அவ்வாறே. திரையில் கண்ணுக்குச் சரியாகத் தெரியும் பெயர், கணினிக்கு வேறு பெயராக இருக்கக்கூடும். விற்பவர் அனுப்பும் படத்தை நம்பாமல், பெயரைத் தாமே தட்டச்சு செய்து பார்ப்பது அவசியம்.

இணையதளம் கடையுடையது, பெயர் வடிவமைப்பாளருடையது

மேற்கண்ட மோசடிகளை விடவும் சிறு வணிகர்களிடையே அடிக்கடி எழும் சிக்கல் ஒன்று உண்டு. அதை மோசடி என்று எப்போதும் சொல்லிவிடவும் முடியாது.

கடைக்கு இணையதளம் அமைத்துத் தர உள்ளூர் வடிவமைப்பாளர் ஒருவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. அவர் தமது கணக்கில், தமது மின்னஞ்சலில், சில வேளைகளில் தமது பெயரிலேயே முகவரியைப் பதிவு செய்துவிடுகிறார். பணம் கொடுத்தவர் கடைக்காரர். ஆண்டுகள் ஓடுகின்றன. பெயர்ப் பலகையிலும் விலைச்சீட்டிலும் பொட்டலத்திலும் அந்த முகவரி அச்சாகிறது. பிறகு வடிவமைப்பாளர் வெளியூர் போகிறார், அல்லது கட்டணத்தில் பிணக்கு வருகிறது. அப்போதுதான் பதிவேட்டில் கடையின் பெயரே இல்லை என்பது தெரிகிறது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் அந்த வடிவமைப்பாளரே. கடைக்காரர் காட்டும் ரசீதுகள் நீதிமன்றத்தில் உதவலாம். வாடிக்கையாளர் சேவை மையத்தில் உதவா.

இதைத் தவிர்க்கத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. கடை உரிமையாளர் தமது மின்னஞ்சலில் தாமே கணக்கு தொடங்கி, கட்டணத்தைத் தாமே செலுத்தி, தளத்தை வடிவமைக்கும் அனுமதியை மட்டும் பிறருக்கு அளிக்கலாம். முகவரி ஏற்கெனவே பிறர் கணக்கில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்வது நல்லது. உரிமையாளராகப் பதிவாகியிருப்பவர் கேட்டால், மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டைப் பதிவு நிறுவனம் 5 நாட்களுக்குள் தர வேண்டும் என்பது டாட் காம் போன்ற முகவரிகளுக்கு ஐகேன் வகுத்துள்ள விதி. கேட்பவர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதே இதிலும் நிபந்தனை.

அச்சமூட்டும் கடிதங்கள்

காலாவதி நாள் எவருக்கும் தெரியும் தகவல் என்பதால், அதை வைத்துப் போலிப் புதுப்பிப்புக் கடிதங்கள் அனுப்பப்படுகின்றன. டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனம் அரசு அலுவலகக் கடிதம் போன்ற தோற்றத்தில் ஆயிரக்கணக்கானோருக்குக் கட்டணச் சீட்டு அனுப்பியது. 'புதுப்பித்தல்' என எண்ணிப் பணம் கட்டியவர்கள், உண்மையில் தங்கள் முகவரியை வேறு பதிவு நிறுவனத்துக்கு, அதிக விலையில், மாற்ற ஒப்புக்கொண்டிருந்தனர். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2003-இல் அதன் மீது நடவடிக்கை எடுத்தது. அதற்குப் பின்னரும் கடிதங்கள் தொடர்ந்தன. 2014-இல் அதனோடு தொடர்புடைய பதிவு நிறுவனத்தின் அங்கீகாரத்தை ஐகேன் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது.

மற்றொரு வகை மடல், 'உங்கள் நிறுவனப் பெயரில் சீனாவிலும் ஆசிய முகவரிகளிலும் பதிவு செய்ய வேறொருவர் விண்ணப்பித்துள்ளார், ஆட்சேபம் உண்டா' என்று கேட்கும். அப்படி ஒரு விண்ணப்பதாரர் பெரும்பாலும் இருப்பதில்லை. பயந்து பதில் எழுதுபவருக்குத் தேவையற்ற முகவரிகள் பன்மடங்கு விலையில் விற்கப்படும். எந்தப் பதிவு நிறுவனமும் ஒருவரின் விண்ணப்பத்தைப் பற்றி மற்றொருவரிடம் அனுமதி கேட்டுக் காத்திருப்பதில்லை.

உண்மையான பதிவு நிறுவனம் காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், காலாவதியான 5 நாட்களுக்குள் மீண்டும் ஒருமுறையும் நினைவூட்ட வேண்டும். டாட் காம் முகவரி காலாவதியான மறுநாளே பறிபோய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை அவகாசம் கிடைக்கலாம். அதன் பின் நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் கட்டணம் கூடுதல். இறுதியாக 5 நாள் கழித்துப் பெயர் பொதுவெளிக்கு வரும். எனவே 'இன்றிரவுக்குள் கட்டாவிட்டால் போய்விடும்' என்ற மடலைக் கண்டு பதற வேண்டியதில்லை. மடலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், தமது பதிவு நிறுவனத்தின் தளத்துக்குத் தாமே சென்று பார்த்தால் போதும். மறதி பெரிய நிறுவனங்களுக்கும் நேர்வதுதான். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பாஸ்போர்ட் டாட் காம் முகவரியைப் புதுப்பிக்கத் தவறியதால் ஹாட்மெயில் பயனர்கள் சிலர் உள்நுழைய முடியாமல் தவித்தனர். லினக்ஸ் நிரலாளர் ஒருவர் 35 டாலரைத் தாமே கட்டிச் சரிசெய்தார்.

முதலில் பணமா, பெயரா?

தெரியாத இருவருக்கு இடையில் எது முதலில் கைமாறுவது என்ற கேள்விக்கு விடையாக உருவானதே எஸ்க்ரோ முறை. நில விற்பனையில் நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் முன்பணத்தை ஒப்படைத்து வைப்பது போன்றது அது. வாங்குபவர் தொகையை மூன்றாம் தரப்பிடம் செலுத்துகிறார். தொகை வந்துவிட்டது என்பதை அத்தரப்பு உறுதி செய்த பின் விற்பவர் முகவரியை மாற்றுகிறார். தமது கணக்கில் பெயர் வந்து சேர்ந்ததை வாங்குபவர் ஒப்புக்கொண்ட பிறகே தொகை விடுவிக்கப்படுகிறது.

இந்த ஏற்பாடு நம்பகமானது என்பதாலேயே அதற்கும் போலிகள் தோன்றியுள்ளன. அசல் எஸ்க்ரோ தளத்தின் சின்னம், வடிவம் அனைத்தையும் நகலெடுத்து, முகவரியில் ஒரு கோடோ ஓர் எழுத்தோ மாற்றி அமைக்கப்படும் தளங்கள் அவை. 'பணம் வந்துவிட்டது, முகவரியை மாற்றுங்கள்' என்ற மின்னஞ்சல் விற்பவருக்கு வரும். எதிர்த்தரப்பு பரிந்துரைக்கும் எஸ்க்ரோ இணைப்பை ஏற்காமல், தளத்தின் முகவரியைத் தாமே தட்டச்சு செய்து உள்நுழைந்து, தொகை வந்துள்ளதா எனக் காண்பதே பாதுகாப்பு. எஸ்க்ரோ கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் எனக் கூறி, தள்ளுபடி தந்து நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இழுப்பவரிடமும் கவனம் தேவை. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை உள்ளிடத் தேவையில்லை என்பதும் இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. கடன் அட்டை வழியாக வந்த தொகையை, வாங்கியவர் பின்னர் தமது வங்கியில் முறையிட்டுத் திரும்பப் பெற முடியும். அதற்குள் முகவரி வேறு நாட்டுப் பதிவு நிறுவனத்துக்குப் போயிருக்கும்.

பதிவான அல்லது நிறுவனம் மாறிய 60 நாட்களுக்குள் வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றுவதை மறுக்க ஐகேன் விதிகள் இடமளிக்கின்றன. இதை அறியாத வாங்குபவரிடம், 'இப்போது பணம் தாருங்கள், 60 நாள் முடிந்ததும் மாற்றித் தருகிறேன்' என்று சிலர் கூறுவதுண்டு. பூட்டு இருப்பது பெரும்பாலும் நிறுவனம் விட்டு நிறுவனம் மாறுவதற்கே. அதே பதிவு நிறுவனத்தில் வாங்குபவர் ஒரு கணக்கு தொடங்கினால், பல நிறுவனங்களில் அன்றே அக்கணக்குக்கு மாற்ற முடியும்.

ஏமாந்தபின் எங்கே செல்வது?

முகவரித் தகராறுகளுக்கு எனத் தனி நடுவர் முறைகள் உள்ளன. டாட் காம் போன்றவற்றுக்கு 1999-இல் ஐகேன் ஏற்ற யுடிஆர்பி, டாட் இன் முகவரிகளுக்கு நிக்ஸியின் ஐஎன்டிஆர்பி. இரண்டுமே வணிகச் சின்ன உரிமை போன்ற முன்னுரிமை உள்ளவர்களுக்கானவை. முகவரி தமது சின்னத்தை ஒத்துள்ளது, எதிர்த்தரப்புக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கம் உள்ளது என்பவற்றை நிறுவ வேண்டும். யுடிஆர்பியில் பதிவு செய்ததும் பயன்படுத்துவதும் ஆகிய இரண்டும் தீய நோக்கமுடையவை எனக் காட்ட வேண்டும். இந்திய முறையில் இரண்டில் ஒன்றே போதும். உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒரு நடுவர் முன் வழக்கிடவே 1,500 டாலர் கட்டணம். சிறு கடைக்காரருக்கு அது எட்டாத தொகை. மேலும், முகவரியை ரத்து செய்யவோ மாற்றித் தரவோ மட்டுமே யுடிஆர்பி நடுவர் உத்தரவிட முடியும். போலி விற்பனையாளரிடம் இழந்த பணம் அவ்வழியில் திரும்பாது.

பணத்துக்கு வழி காவல் துறையே. 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்தால், தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்கு முன் முடக்கும் வாய்ப்பு உள்ளது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். கர்நாடகத்தில் சைபர், பொருளாதாரம், போதைப்பொருள் குற்றங்களுக்கென 'சென்' எனப்படும் தனிக் காவல் நிலையங்கள் உள்ளன, மைசூருவிலும் உண்டு. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மோசடிக்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவும் பொருந்தும்.

புகாரோடு, பணம் செலுத்திய விவர எண், மின்னஞ்சல்களின் முழுமையான மூல வடிவம், எஸ்க்ரோ எனக் கூறப்பட்ட தளத்தின் துல்லியமான முகவரி, பதிவேட்டுத் தகவலின் அன்றைய நகல் ஆகியவற்றைச் சேர்ப்பது நல்லது. மோசடித் தளங்கள் சில நாட்களில் மறைந்துவிடுவதால் நகல் எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. முகவரியே பறிபோயிருந்தால், அது முன்பிருந்த பதிவு நிறுவனத்துக்கும் இப்போது உள்ள நிறுவனத்துக்கும் அன்றே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மூன்றாவது நிறுவனத்துக்குப் போவதற்குள் பூட்டப்பட்டால் மீட்பது எளிது.